நாலு வயதில் நின்ற வளையங்கள்

அந்தக் கட்டடத்தில் சம்பளப் பிரிவைத் தவிர வேறு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் கோடிக்காரி. கோடி கோடியாக இதயத் துடிப்பை எண்ணுவது அவள் வேலை என்பதால் வந்த பட்டம் அது. மாதக் கடைசியில் பேருந்துக்குச் சில்லறை தேடும்போது அவளே அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

ஒரு மனித இதயம் வருடத்துக்கு ஏறக்குறைய நாலு கோடி தடவை துடிக்கிறது. பத்து வருடத்துக்கு நாற்பது கோடி. உடம்புக்குள் வைக்கப்போகிற கம்பி வளையம் ஒன்று அத்தனை துடிப்பையும் உடையாமல் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டால்தான் வளையம் பெட்டியை விட்டு வெளியே போகும்.

இயந்திரவியல் டிப்ளமா முடித்தவள். முதல் பதினோரு வருடம் குக்கர் வால்வு செய்கிற கம்பெனியில் இருந்தாள். ஆவி எந்த அழுத்தத்தில் வால்வைத் தூக்குகிறது என்று நாளெல்லாம் பார்த்துக் குறிக்கும் வேலை. அந்தக் கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது, இங்கே விண்ணப்பம் போட்டாள். நேர்காணலில், "உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள்.

"உடம்பைப் பத்தித் தெரியாது. அழுத்தத்தைப் பத்தித் தெரியும்," என்றாள்.

சிரித்தார்கள். வேலையும் கொடுத்தார்கள்.

வளையத்தை வடிவமைத்தவனுக்கு முப்பத்தொரு வயது. கணினியில்தான் வரைவான், ஆனாலும் காதில் ஒரு பென்சில் எப்போதும் இருக்கும், ஆளும் அந்த வாகுதான். அதனால் பென்சில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அவன் வளையத்தை விளக்குகிற விதம் கோடிக்காரிக்கு மனப்பாடம். கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில்தான் உடம்பின் காவல் நரம்புகள் இருக்கின்றன. குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்து அழுத்தம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று மூளைக்குச் சொல்பவை அவை. வருடக்கணக்கில் அழுத்தம் உயர்ந்தே இருக்கிறவர்களுக்கு அந்த நரம்புகள் மரத்துப்போய்விடுகின்றன. அந்த இடத்தில், உட்புறமாக, விரல் நகம் நீளத்தில் ஒரு கம்பி வலையை விரித்து வைத்தால், வட்டமான குழாய் கொஞ்சம் சதுரமாகும். ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் கூடுதலாக இழுபடும். நரம்பு விழித்துக்கொண்டு மூளையிடம் முறையிடும். மூளை அழுத்தத்தை இறக்கும்.

"பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. சும்மா உள்ள உக்காந்துக்கிட்டு நரம்புகிட்ட ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை," என்று முடிப்பான் பென்சில்.

அந்தப் பொய் பத்து வருடம் உடையாமல் நிற்கிறதா என்று பார்க்கிற இயந்திரம் மூலை அறையில் இருந்தது. முன்வரிசையில் ஆறு சிலிக்கோன் குழாய்கள், பின்வரிசையில் ஆறு. ஒவ்வொன்றும் செயற்கை ரத்தக்குழாய். உள்ளே உடல் சூட்டில் உப்பு நீர். நடுவில் ஒரு வளையம். முன்வரிசையில் இருந்தவை பெரிய அளவு, பின்வரிசையில் சின்ன அளவு. நொடிக்கு ஐம்பது தடவை குழாய்கள் புடைத்து இறங்கும். அப்படி ஓடினால் தொண்ணூற்று மூன்று நாளில் பத்து வருடத்துத் துடிப்பு முடிந்துவிடும்.

கோடிக்காரிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் எண்ணிக்கையை வயதாக மாற்றி வெள்ளைப் பலகையில் எழுதுவாள். 'இன்று: 3 வயது 2 மாதம்.' தேநீர் எடுக்கப் போகிற வழியில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். "என்னக்கா, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிட்டாங்களா?" என்பார்கள். பத்து வயது முடிந்த அன்று பென்சில் கேக் வாங்கி வந்தான். நுண்ணோக்கியில் பன்னிரண்டு வளையங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றில்கூட மயிரிழை விரிசல் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

முதல் வளையம் யாருக்கு என்பதும் முடிவாயிற்று. ஐம்பத்திரண்டு வயதுப் பேருந்து ஓட்டுநர். ஆறு விதமான மாத்திரை போட்டும் அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவர். ஐந்து மாதமாக ஸ்டியரிங்கைத் தொட அனுமதி இல்லை. வளையத்தைக் கண்ணால் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், மருத்துவர் அவரையும் மனைவியையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்திருந்தார்.

உள்ளங்கையில் வளையத்தை வைத்துப் புரட்டிப் பார்த்தார் ஓட்டுநர். "இதுவா? என் பஸ்ஸுல இத விடப் பெரிய நட்டு தினம் ரெண்டு கழண்டு விழும்."

"அதனாலதான் உங்க பஸ்ஸு நடுரோட்டுல நிக்குது," என்றார் மனைவி.

ஓட்டுநர் சிரிக்கவில்லை. கோடிக்காரியைப் பார்த்துக் கேட்டார். "இது உள்ள உடைஞ்சா என்னம்மா ஆகும்?"

பென்சில் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிட்டாள். "உடையாதுண்ணே. நாப்பது கோடி தடவை அடிச்சுப் பாத்தாச்சு."

அவர் தலையாட்டினார். அங்கேயே, அந்த மேசையிலேயே சம்மதப் படிவத்தை நிரப்பினார்.

அறுவை வியாழக்கிழமை என்று குறித்தார்கள். செவ்வாய் மதியம், அடுத்த சோதனைக்காக இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள் கோடிக்காரி. பழைய குழாய்களைக் கழற்றி, ரப்பர் கழிவுக்கான பையில் போடுகிற சாதாரண வேலை. பின்வரிசைக் குழாய் ஒன்றை இழுக்கும்போது பிடி அழுந்திவிட்டது. விரலை எடுத்தாள். குழாயில் விரல் தடம் இருந்தது. ஒரு கண் சிமிட்டல் நேரம் இருந்துவிட்டு, மெதுவாக மேலே எழும்பி மறைந்தது.

முன்வரிசைக் குழாய் ஒன்றை எடுத்து அதேபோல் அழுத்தினாள். விரலை எடுப்பதற்கு முன்பே ரப்பர் நிமிர்ந்துவிட்டது.

மறுபடி பின்வரிசை. தடம் நின்று, யோசித்து, எழுந்தது.

பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள்.

சோதனை தொடங்கி முப்பத்தெட்டாம் நாள், பின்வரிசையில் இரண்டு குழாய்கள் ஒழுகின. ஆறும் ஒரே வயதுதானே என்று ஆறையும் மாற்றினாள். வளையங்களை ஐஸ் தண்ணீரில் போட்டாள். குளிரில் அந்தக் கம்பி களிமண்போல் இளகும். சுருக்கி எடுத்துப் புதுக் குழாய்களில் விட்டாள். சூடு ஏறியதும் அவை விரிந்து உட்கார்ந்துகொண்டன. புதுக் குழாய்கள் அதே கடைச் சரக்கு, மேலே அதே அளவுச் சீட்டு, வேறு தயாரிப்புத் தொகுதி. சரியாகப் புடைக்கின்றனவா என்று ஒளிக்கதிர் அளவியால் அளந்தாள். ஐம்பது வேகத்தில் மேசை அதிர்ந்து எண்கள் துள்ளின. அதனால் வேகத்தை நொடிக்கு ஒன்றாகக் குறைத்து அளந்தாள். புள்ளி மூன்று மில்லிமீட்டர். இருக்கவேண்டியதும் அதுதான். பதிவேட்டில் 'சரி' என்று எழுதினாள். அதன்பிறகு வாராவாரம் ஐம்பது வேகத்தில் அளந்தது விதிப்படி முதல் குழாயை மட்டும். அதற்குத் தனியாக ஒரு தாங்கி இருந்தது, அதில் எண் துள்ளாது. முதல் குழாய் முன்வரிசையில் இருந்தது.

மந்தமான ரப்பர். நொடிக்கு ஒரு தடவை என்றால் புடைத்து இறங்க அதற்கு நேரம் இருக்கிறது. ஐம்பது தடவை என்றால்?

கழற்றிய குழாய்களில் ஒன்றை மறுபடி பூட்டினாள். ஒரு திருகை மூன்று தடவை கீழே போட்டாள். அளவியை மேசையிலிருந்து எடுத்து, தனியாக ஒரு முக்காலியில், அடியில் பஞ்சு மெத்தை வைத்து நிறுத்தினாள். பென்சிலைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"பேசாம இந்த எண்ண மட்டும் பாருங்க தம்பி."

வேகத்தை ஏற்றினாள். பத்து. இருபது. எண் இறங்கிக்கொண்டே போனது. ஐம்பதில் புள்ளி பூஜ்யம் ஏழில் நின்றது.

பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்தான். எதுவும் எழுதவில்லை. "எத்தனை நாள் இப்படி?"

"அம்பத்தஞ்சு நாள். மெஷின் எண்ணிச்சு. வளையம் அசையவே இல்ல." அவள் முன்வரிசையைக் காட்டினாள். "முன்னாடி இருக்கற ஆறுக்குப் பத்து வயசு. பின்னாடி இருக்கறதுக்கு நாலு வயசு ஒரு மாசம். அதோட நின்னுபோச்சு."

"டிரைவருக்கு எந்த அளவு?"

அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டான்.

"சின்னது," என்றாள்.

அன்று மாலை வீட்டில் கணவர் பேசிக்கொண்டே இருந்தார். மின்தூக்கி பழுது பார்க்கிறவர். அன்றைக்கு நாலாம் மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு பெரிய மனிதர், கதவைத் திறந்ததும் இவருக்கு நன்றி சொல்லாமல் மின்தூக்கிக்கு நன்றி சொன்ன கதை. அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சந்தேகம் இருந்தும் ஓடட்டும்னு விட்டுட்டு வந்திருக்கீங்களா, எப்பவாச்சும்?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "ஒரு தடவை."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பதிமூணு வருஷமா நல்லாத்தான் ஓடுது." கையைக் கழுவப் போனவர் குழாயடியில் நின்றபடியே சொன்னார். "அந்தத் தெருப் பக்கம் மட்டும் நான் போறதில்ல."

புதன்கிழமை காலை பென்சில் அவளுக்கு முன்பே வந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. ஒரு தாளை நீட்டினான்.

"அக்கா, பொறுமையாக் கேளுங்க. கணக்குப்படி சின்ன அளவும் உடையாது. இன்னிக்கே நல்ல குழாய்ல அந்த ஆறையும் மாட்டி ஓட்டுவோம். நாளைக்கு ஆபரேஷன் நடக்கட்டும். அவர் உடம்புல அம்பத்தஞ்சு நாள் போறதுக்குள்ள நம்ம மெஷின்ல மீதி ஆறு வருஷம் முடிஞ்சிரும். நாம எப்பவும் அவருக்கு முன்னாடிதான் ஓடிட்டிருப்போம். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுக்கலாம்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நம்ம மெஷின்ல ஒண்ணு உடைஞ்சா, அவர் கழுத்துலேருந்து எடுத்துரலாமா தம்பி?"

பென்சில் தாளை மடித்தான்.

"சொல்லுங்க. எடுத்துரலாமா?"

"ஒரு மாசத்துல சதை மூடிரும்," என்றான், தாளைப் பார்த்துக்கொண்டே. "எடுக்க முடியாது."

மருத்துவரை அழைத்தது பென்சில்தான். ஒலிபெருக்கியில் போட்டான். மருத்துவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம் சொன்னது இவர்கள் எதிர்பார்த்தது இல்லை.

"நாலு வருஷம் தாங்கும்னு நிச்சயமாத் தெரியுது, இல்லையா? அவர் இருக்கற நிலைமைல இந்த ஒரு வருஷத்தை பக்கவாதம் இல்லாமத் தாண்டறதே பெரிசு. நான் வைக்கலாம்னுதான் நெனைக்கறேன்."

"அவர்கிட்ட சொல்லிட்டு வைங்க மேடம்," என்றாள் கோடிக்காரி.

"கண்டிப்பா. சொல்லாம எப்படி? மதியம் அட்மிட் ஆகறாங்க. யார் வந்து விளக்கறீங்க?"

பென்சில் அவளைப் பார்த்தான்.

"நான் வரேன். உடையாதுன்னு சொன்ன வாய் என்னோடதுதானே."

மருத்துவமனை அறையில் இரண்டு கட்டில்கள், ஒன்று காலி. ஓட்டுநர் வெளிர்நீல அங்கியில் உட்கார்ந்திருந்தார். கையில் அழுத்தம் பார்க்கும் பட்டை தானாக இறுகித் தளர்ந்துகொண்டிருந்தது. மனைவி துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சன்னலோரம் மருத்துவர் கைகட்டி நின்றார்.

வரும் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எல்லாம் உதிர்ந்துவிட்டன.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

குழாய், ரப்பர், வேகம் எல்லாவற்றையும் சொன்னாள். அளந்தது தான்தான் என்றும், 'சரி' என்று எழுதியதும் தான்தான் என்றும் சொன்னாள். "உங்களுக்கு வெக்கப்போற அளவு நாலு வருஷம் தாங்கும். அது எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பட்டை இறுகியது. திரையில் எண் ஏறியது: நூற்றுத் தொண்ணூற்றாறு.

"பாத்தியா," என்றார் ஓட்டுநர், திரையைக் காட்டி. "உங்க வளையம் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. உள்ள வெக்காமலே ஏத்துது."



மனைவி அலமாரிக் கதவைச் சாத்தினார். "ஏம்மா, நாங்க என்ன சோதனைக் குழாயா? அன்னிக்கு அவ்வளவு அடிச்சுச் சொன்னியே. ரெண்டு வாரமா இந்த மனுசன் தூக்கத்துல ஸ்டியரிங் ஓட்டறாரு. மறுபடி வேலைக்குப் போறோம்னு. இப்ப நாளைக்குக் காலைல ஆபரேஷன்னு படுத்திருக்கறப்ப வந்து நிக்கறே."

"ஆமாக்கா. முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும்."

"அக்காவாம், அக்கா."

ஓட்டுநர் கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். "உடைஞ்சா எங்க போகும்?"

மருத்துவர் பதில் சொன்னார். "ரத்தம் போற பக்கம். மூளைக்கு."

"மீதியப் பாக்க எத்தனை நாள் ஆகும்?"

"அம்பத்தஞ்சு," என்றாள் கோடிக்காரி.

"டாக்டரம்மா, அம்பத்தஞ்சு நாள் நான் தாங்குவேனா?"

"அதுக்கு என்கிட்ட மெஷின் இல்ல," என்றார் மருத்துவர். "மருந்தைக் கூட்டலாம். ஓய்வா இருக்கணும். உறுதியா எதுவும் சொல்ல முடியாது. வெச்சாலும் ஆபத்து இருக்கு, வெக்காட்டியும் இருக்கு. முடிவு உங்களோடது."

ஓட்டுநர் சன்னல் பக்கம் திரும்பினார். கீழே சாலையில் பேருந்து ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"ஒடிச்சுத் திருப்ப வேண்டியதுதானே, மடையன்," என்று முணுமுணுத்தார். பிறகு கையிலிருந்த பட்டையை அவரே அவிழ்த்தார். "எடம் தெரியாம வண்டிய நான் உள்ள விடமாட்டேன். பாத்துட்டே சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

அன்று மாலையே இயந்திரம் ஓடத் தொடங்கியது. இந்த முறை ஆறு குழாய்களையும் முக்காலியும் மெத்தையும் வைத்து ஐம்பது வேகத்தில் அளந்த பிறகுதான் விசையைத் தட்டினாள். தரப் பிரிவிலிருந்து அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; வாங்கி, மடித்து, இழுப்பறையில் வைத்தாள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு ஓட்டுநரின் அழைப்பு வரும். "எத்தனை வயசு?" என்பார். "நாலு வருஷம் ஆறு மாசம்." "சரி." வைத்துவிடுவார். சில நாள் ஒரு வார்த்தை கூடும். "நேத்து நூத்தி எம்பத்தெட்டு. உப்பில்லாமச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு." ஐந்து வயது ஆனபோது, "ஸ்கூல்ல சேத்துட்டியா?" என்றார்.

பத்தொன்பதாம் நாள் ஒன்பது மணிக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. கோடிக்காரி பலகையில் '6 வயது 2 மாதம்' என்று எழுதிவிட்டு, பேனா மூடியைப் போடாமலே நின்றாள். அவளாக அழைத்தாள், மணி அடித்து ஓய்ந்தது. பென்சில் வந்து எட்டிப் பார்த்தான். அவன் மேசைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றான். இயந்திரத்தின் ரீங்காரம் அன்றைக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பதினொன்றே காலுக்கு மனைவி அழைத்தார். தலை சுற்றி விழுந்துவிட்டார், ஒரு பக்கம் மரத்துப்போனது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, இரண்டு நாள் மருத்துவமனையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"உனக்குச் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்," என்று வைத்துவிட்டார்.

அன்று மதியம் அவள் கழிப்பறையில் நெடுநேரம் முகம் கழுவினாள். நாளைக்கே வைத்துவிடுங்கள் என்று மருத்துவருக்குச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. நாலு வருடம் என்பது இப்போது ஆறு வருடம் ஆகிவிட்டதே. கைப்பேசியை இரண்டு தடவை எடுத்தாள், இரண்டு தடவை வைத்தாள். சொல்ல வேண்டியது அவள் இல்லை. அந்த எண் மட்டும்தான் அவளுடையது.

இருபத்தெட்டாம் நாள் காலை, வாராந்தர சோதனைக்காக இயந்திரத்தை நிறுத்தி ஆறையும் நுண்ணோக்கியில் வைத்தாள். ஏழு, எட்டு, ஒன்பது சுத்தம். பத்தாம் எண் வளையத்தின் ஒரு மூலையில், இரண்டு கம்பிகள் சேரும் வளைவில், கறுப்பாக ஒரு கோடு. தூசி என்று நினைத்துத் துடைத்தாள். கோடு போகவில்லை. வளையத்தைத் திருப்பினாள். மறுபக்கம் கம்பி முழுதாகவே விட்டுப்போயிருந்தது. ஒரு துண்டைக் காணவில்லை. அரைமணி நேரம் தேடிக் குழாயின் அடியில் கண்டெடுத்தாள். பதினொன்றும் பன்னிரண்டும் சுத்தம்.

பென்சில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை. "வளைவு கூர்மையாயிருச்சுக்கா," என்றான் கடைசியில். "பெருசைச் சின்னதா ஆக்கறப்ப எல்லாத்தையும் சுருக்கினேன். அந்த மூலையையும் சேத்துச் சுருக்கிட்டேன்." கண்ணை எடுத்துவிட்டு, "கணக்குல தெரியல," என்றான்.

ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது.

"எத்தனை வயசு?"

"ஏழு வருஷம் ரெண்டு மாசம்ணே." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு உடைஞ்சிருச்சு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள்.

"இன்னும் அஞ்சு நல்லா இருக்குல்ல?" என்றார் ஓட்டுநர்.

"இருக்கு."

"எனக்கு வெச்சிருந்தா எது வந்திருக்கும்?"

"தெரியாதுண்ணே."

"அப்ப இனி என்ன?"

"மூலைய மாத்தி வரையறாங்க. புதுசு வர ஒரு மாசம் ஆகும். அப்புறம் முதல்லேருந்து. தொண்ணூத்தி மூணு நாள்."

கைப்பேசி கை மாறியது. மனைவியின் குரல் வந்தது.

"உடைஞ்ச துண்டு எவ்வளவு பெருசு?"

"கண்ணிமை முடி ஒண்ணு உதிர்ந்தா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான்."

"அது இவர் தலைக்குள்ள போயிருக்கும்."

"போயிருக்கலாங்க."

கோடிக்காரி காத்திருந்தாள். வசவு வரும் என்றுதான் காத்திருந்தாள். பின்னணியில் ஓட்டுநர் தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது.

"சரி," என்றார் மனைவி. "இவருக்கு மாத்திரை நேரமாச்சு. வெக்கறேன்."